ஒரு பாடம் நெஞ்சு, ஒரு பாடம் கடல்

சென்னைக் கப்பல் இந்தத் தீவின் ஹாடோ துறைமுகத்துக்குள் நுழையும்போது ஊதுவது ஷாதிபூரில் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும். தெருவில் மற்றவர்களுக்கு அது மெயின்லேண்டிலிருந்து சின்ன வெங்காயமும் சொந்தக்காரர்களும் வந்து சேர்ந்த சத்தம். எனக்குப் பல வருஷங்களாக அது பாடம் வந்து சேர்ந்த சத்தம். பல்கலைக்கழகப் பாடம் கப்பலில் வந்த காலம் ஒன்று இந்த ஊரில் இருந்தது. இப்போது இல்லை. இல்லாமல் போனது ஊருக்கு நல்லதுதான். இருந்தாலும் கப்பல் ஊதினால் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவன். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு காண்டிராக்டரோடு கூலி வேலைக்கு வந்தவர். மீசை முளைப்பதற்கு முன்பே நான் மின்னி பே பக்கத்து ஐஸ் ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். மீன்பிடிப் படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் செய்து கொடுக்கும் இடம். கம்ப்ரசர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதால் அங்கே யாரும் பேசுவதில்லை. கையைக் காட்டினால் போதும். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

கூச்சம் என்பது வயது ஏறினால் குறையும் என்று சொல்வார்கள். எனக்குக் குறையவில்லை. எதிரில் ஒருவர் நின்று என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால், பதில் தொண்டைக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். கல்யாணம் பேச வந்தபோது மாமனார் என்னிடம் என்ன வேலை என்று கேட்டார், நான் ஐஸ் என்றேன், அதோடு சரி. அவர்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து குடியேறிய குடும்பம். கப்பலிலும் முகாமிலும் எத்தனையோ மனிதர்களைப் பார்த்த மாமனாருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது. பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

நான் வாய் விட்டுப் பேசிய மனிதர் ஒருவர்தான். சென்னைக் கப்பலில் சமையலறையை ஒட்டிய பேன்ட்ரியில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் தூத்துக்குடி, வீடு சென்னை ராயபுரத்தில். இங்கிருந்து மீன் வாங்கிப் போக ஐஸ் கேட்டு வந்தவர், ஃபேக்டரிக்குப் பின்னால் கடலோரமாக ஓடும் கட்டைச் சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு அவராகவே பேசினார். கப்பலில் வாந்தி எடுப்பவர்களைப் பற்றி, சாம்பாரில் உப்பு கூடிய நாளைப் பற்றி. எழுந்து போகும்போது, "நல்லாப் பேசிக்கிட்டிருந்தோம்வே" என்றார். நான் பேசியதெல்லாம் இரண்டு "ம்". அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கப்பல் வந்ததும் சாயங்காலம் அந்தச் சுவருக்கு வருவது அவர் வழக்கமானது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் கடலைப் பார்ப்போம். முகம் பார்க்கத் தேவையில்லாததால் மெல்ல மெல்ல என் வாயும் திறந்தது.

அந்தக் காலத்தில் இங்கே இன்டர்நெட் என்பது பேருக்குத்தான். ஒரு போட்டோ திறப்பதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும். அதனால் சினிமா, சீரியல், பக்திப் பாட்டு எல்லாமே மெயின்லேண்டிலிருந்து மெமரி கார்டில்தான் வரும். கப்பல்காரர்களைத் தெரிந்து வைத்திருப்பவன் வீட்டில் புதுப்படம் ஓடும். அண்ணாச்சி என்று நான் கூப்பிடும் அந்தப் பேன்ட்ரிக்காரரிடம் ஒரு தைல டப்பி இருந்தது. அதற்குள் நகம் அளவுக்குக் கார்டுகள் கிடக்கும். எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருப்பார். டெலானிபூர் குவார்ட்டர்ஸ்காரருக்குச் சிவப்பு, பஜார் துணிக்கடைக்கு ஊதா. என்னுடையதில் பொட்டு இல்லை. பொட்டு இல்லாததே என் அடையாளம். சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த அவருடைய அக்கா மகன்தான் எல்லாவற்றிலும் படம் ஏற்றிக் கொடுப்பவன்.

ஒரு முறை என் கார்டில் இருந்த படம் பெயர் போட்டதோடு நின்றுவிட்டது. போனை எத்தனை தடவை தொட்டாலும் நகரவில்லை. அதற்குக் கீழே ஏதோ வீடியோக்கள் இருந்தன. ஒன்றைத் தொட்டேன். பருத்திப் புடவை கட்டிய ஒரு அம்மா பச்சைப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, "உங்கள் கையை மூடிப் பாருங்கள். உங்கள் இதயம் ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும்" என்று தமிழில் சொன்னார்.

நான் கையை மூடினேன்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைப் பார்த்தால் எனக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். இந்த அம்மா என்னைப் பார்க்காமலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். புரியாவிட்டால் திரும்பச் சொல்ல வைக்கலாம். அலுத்துக்கொள்ள மாட்டார். இதயத்துக்குள் கதவுகள் இருக்கின்றன, அவை ஒரு பக்கம்தான் திறக்கும், நெஞ்சில் கேட்கும் சத்தம் அந்தக் கதவுகள் மூடுகிற சத்தம் என்றார். எங்கள் கம்ப்ரசரிலும் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு உண்டு. அது டக் டக் என்று அடிப்பதைக் கேட்டுக்கொண்டேதான் நான் இருபதாண்டு சோறு தின்றிருக்கிறேன். மறுநாள் வேலைக்குப் போய் மெஷின் பக்கத்தில் நின்றபோது அது உயிருள்ள ஒன்றின் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.

அடுத்த வீடியோவைத் தொட்டேன். அதில் அந்த அம்மா இல்லை. வயதான ஒரு ஐயா, சுவரில் உலகப் படம், கையில் நீளமான குச்சி. அவர் கடலைப் பற்றிப் பேசினார். கடல் நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை, சூடானது மேலே ஓடும், குளிர்ந்து கனத்தது கீழே இறங்கும், இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றார். அதற்கடுத்ததில் மறுபடி அந்த அம்மா. பிறகு ஐயா.

கப்பல் வந்த சாயங்காலம் அண்ணாச்சி வடைப் பொட்டலத்தோடு வந்தார்.

"என்னவே, படம் எப்படி?"

"ஓடலண்ணாச்சி."

"சவத்துப்பய. சரியா ஏத்தலை போல. அப்பம் இத்தனை நாளும் என்னத்தப் பாத்தீரு?"

"வேற ஒண்ணு இருந்துச்சு" என்றேன். என்ன என்றார். சொல்லத் தொடங்கினேன். கையை மூடச் சொன்னேன். வடை இருந்த கையையே மூடிவிட்டு, "எனக்கு எண்ணெய் வடியுதே" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே கதவுகளைப் பற்றிச் சொன்னேன், ரத்தம் போகிற வழியைச் சொன்னேன், பிறகு கடலைச் சொன்னேன். எங்கள் ஊரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். நான் முடித்தபோது எதிர்க்கரை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அண்ணாச்சியின் பீடி அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"நம்ம மருமவன் என்னவோ பரீட்சைக்கு இறக்கி வச்சத மறந்து ஏத்திட்டான்" என்றார். "இரும், மிச்சம் இருக்கான்னு கேக்கேன்."

மிச்சம் இருந்தது. ஒரு பல்கலைக்கழகம் தமிழில் எடுத்து இலவசமாகப் போட்டிருக்கும் பாடங்களாம். சேர வேண்டாம், காசு வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மருமகன் ஆச்சரியப்பட்டானாம். "மாமா, என் பிரெண்ட்ஸே இத பாக்க மாட்டானுங்க. உங்க ஐஸ்காரர் எதுக்கு?" என்று கேட்டிருக்கிறான். அண்ணாச்சி, "அவரு பாத்து எனக்குச் சொல்லுவாருடே" என்றிருக்கிறார்.

அப்படித்தான் ஆனது. கார்டு கொண்டுவருவது அவர் வேலை, பாடம் சொல்வது என் வேலை. ஒவ்வொரு கப்பலுக்கும் சில பாடங்கள் வரும். கப்பல் திரும்ப வரும்வரை அவற்றையே பார்ப்பேன். வேறு இல்லாததால் ஒரே பாடத்தை அத்தனை முறை பார்க்க முடிந்தது. அந்த அம்மா எந்த இடத்தில் முந்தானையைச் சரிசெய்வார், ஐயா எப்போது இருமுவார் என்றுகூட எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் ஒரு பெரிய விவாதம் இருந்தது. அந்த அம்மாவும் ஐயாவும் மாறி மாறிப் பாடம் நடத்துகிறார்களே, ஏன் ஒருவரை ஒருவர் குறிப்பிடுவதே இல்லை?

"ரெண்டு பேருக்கும் ஆகாதுவே" என்பார் அண்ணாச்சி. "ஒரே ஆபீஸ்ல இருந்துக்கிட்டு மூஞ்சி குடுத்துப் பேசாத ஆளுங்க எத்தன பேரு. எங்க கப்பல்லயே ரெண்டு குக்கு இருக்கானுவ. ஒருத்தன் சோறு வடிச்சா இன்னொருத்தன் கொழம்பு வப்பான். பேச்சு கிடையாது."

"புருஷன் பொஞ்சாதியா இருக்குமோ?"

"அப்படின்னா நிச்சயமாப் பேச்சு இருக்காது."

இன்னொரு குழப்பமும் எனக்கு இருந்தது. அம்மா, "சென்ற வகுப்பில் பார்த்தோம் அல்லவா" என்று தொடங்குவார். ஆனால் சென்ற வகுப்பில் நான் பார்த்தது ஐயாவின் கடலை. அதற்கு முந்தின வகுப்பில்தான் அம்மா சொல்லும் விஷயம் இருக்கும். ஐயாவும் அப்படியே. பல்கலைக்கழகம் என்றால் முந்தின பாடத்தை விட்டு அதற்கும் முந்தினதைத்தான் பிடிப்பார்கள் போலிருக்கிறது, பெரிய படிப்பின் முறை அது என்று எடுத்துக்கொண்டேன். உடம்புக்குள் ரத்தம் சுற்றுவதைச் சொல்லிவிட்டு, உலகத்துக்குள் தண்ணீர் சுற்றுவதைச் சொல்கிறார்கள். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று. என்ன அழகாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

உப்புத் தண்ணீர் உறைவதற்கு அதிகக் குளிர் வேண்டும் என்று ஐயா சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஃபேக்டரியில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவோம். பெட்டிக்குள் இருப்பது ஐஸ் ஆகும், வெளியே இருக்கும் உப்புத் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். தினமும் பார்த்தது. ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று பெட்டியைத் தூக்கும்போது நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கூட வேலை பார்க்கும் பெங்காலிக்காரர் முதுகில் தட்டி, "க்யா மாஸ்டர்ஜி, ஸ்கூல் சுட்டி ஹோ கயா?" என்று, பள்ளிக்கூடம் விட்டாச்சா என்பதை இந்தியில் கத்திக் கேட்டார். அதற்குள் ஃபேக்டரியில் எனக்கு மாஸ்டர்ஜி என்று பெயர் வந்திருந்தது.

வீட்டில் மனைவி வேறு விதமாகக் கேலி செய்வாள்.

"என்னாங்க, எனக்கு ஒரு வார்த்த பதில் சொல்ல அரை நாளு யோசிக்கிறீங்க. அந்தக் கப்பக்கார அண்ணன் வந்தா மட்டும் வாத்தியாராட்டம் பேசுறீங்களாமே. மின்னி பே பக்கம் போனவங்கல்லாம் வந்து சொல்றாங்க."

"ம்" என்பேன்.

"பாத்தீங்களா. எனக்கு இந்த ம் தான்."

ஆனால் கப்பல் ஊதினால் அவள்தான் முதலில் கேட்பாள். கருவாடு வறுத்து டப்பாவில் போட்டு வைப்பாள். அண்ணாச்சிக்கு அவள் வறுக்கும் கருவாடு என்றால் உயிர். "வாத்தியாருக்கு மணி அடிச்சாச்சு, கிளம்புங்க" என்று அனுப்பி வைப்பாள்.

பிறகு ஒருநாள் கடலுக்கடியில் கேபிள் வந்தது. சென்னையிலிருந்து இங்கே வரை கடலடியில் இழுத்திருக்கிறார்கள் என்று ஊரே பேசியது. போனில் படம் தொட்டவுடன் ஓடியது. தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சத்தம். எனக்கும் ஆசையாக இருந்தது. போனிடம் வாயால் பாடத்தின் பெயரைச் சொல்லித் தேடினேன். மனிதரிடம் பேசுவதைவிட போனிடம் பேசுவது எனக்குச் சுலபம். அம்மாவின் முகம் வந்தது. தொட்டேன். பாடங்கள் வரிசையாக இறங்கின. எல்லாமே இதயம், ரத்தம். ஐயாவைக் காணவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன். ஐயா வேறொரு இடத்தில் இருந்தார். அவருடைய வரிசையில் எல்லாமே கடல். அம்மா ஒரு ஊரில் வேலை பார்ப்பவர், ஐயா வேறு ஊரில். இரண்டும் வேறு வேறு படிப்பு.

மருமகன் இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்திருக்கிறான். இரண்டிலும் பாடங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் இருந்ததால், போன் அவற்றை ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு என்று தானாக அடுக்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு ஏற்பட்டது வெட்கம் இல்லை. வீட்டில் இரண்டு பேர் ஒன்றாக இருந்து தனித்தனியாகப் போய்விட்டதுபோல் இருந்தது.

கேபிள் வந்தபின் வந்த முதல் கப்பல் ஊதியபோது எனக்கு வேறொரு பயமும் இருந்தது. அண்ணாச்சி இங்கே வந்ததே கார்டு கொடுக்க. இனி அவர் எதற்காக ஹாடோவிலிருந்து ஆட்டோ பிடித்து மின்னி பேக்கு வரவேண்டும்? ஊரில் எல்லாரும் அவரிடம் கார்டு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். டெலானிபூர்க்காரர் அன்று மதியமே கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, டீகூட வாங்கிக் கொடுக்காமல் போய்விட்டாராம். நான் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். அவர் வராவிட்டால் எனக்குப் பேச ஆள் கிடையாது. பாடம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், அதைச் சொல்ல ஆள் இருக்காது. அதை நினைக்கும்போது கேபிளின் மேல்கூடக் கோபம் வந்தது.

இருட்டுவதற்குச் சற்று முன்பு அவர் வந்தார்.

"கார்டு இல்லவே. வடைதான் இருக்கு" என்றார்.

நான் கருவாட்டு டப்பாவைத் திறந்தேன். அம்மாவும் ஐயாவும் வேறு வேறு என்ற விஷயத்தைச் சொன்னேன். வாயிலிருந்ததை விழுங்க முடியாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒருத்தரை ஒருத்தர் தெரியவே தெரியாதா? இத்தனை நாளா நான் அவங்க சண்டையத் தீத்து வைக்கணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்வே."

"இனிமே தனித்தனியாப் பாக்கலாம் அண்ணாச்சி. மொதல்ல நெஞ்ச முடிச்சிட்டு..."

"அதெல்லாம் கூடாது" என்றார். "நமக்கு ஒரு பாடம் நெஞ்சு, ஒரு பாடம் கடல். அப்படித்தான் பழகியாச்சு. மாத்தினா எனக்கு விளங்காது."

அதன் பிறகும் நெடுநாள் அப்படியே நடந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார், நான் சொன்னேன். அந்த நாட்களை நினைத்தால் எனக்குக் கருவாட்டு வாசனையும் பீடி வாசனையும் சேர்ந்து வருகிறது. மழைக்காலத்தில் சுவரில் உட்கார முடியாது. ஐஸ் இழுக்கும் சறுக்குப் பலகையின் மேல், தகரக் கூரைக்கடியில் ஒண்டிக்கொள்வோம். கூரையில் மழை கொட்டும்போது அவர் காதருகே போய்ச் சத்தமாகச் சொல்வேன். நான் சத்தமாகப் பேசியது வாழ்க்கையில் அங்கேதான்.

ஒரு சாயங்காலம் அவர் வடை இல்லாமல் வந்தார். டப்பாவைத் திறந்தேன். கை வைக்கவில்லை.

"மெடிக்கல்ல அன்ஃபிட் போட்டுட்டான்வே" என்றார். கப்பல்காரர்களுக்கு உடம்பைச் சோதித்துப் பார்ப்பது உண்டு. "பிரஷர் எக்கச்சக்கமா இருக்காம். நெஞ்சும் வீங்கினாப்ல இருக்காம். உப்பைத் தொடக்கூடாதுன்னுட்டாரு. கப்பல்ல ஏறவும் கூடாது. இதான் கடைசித் தடவ. மூட்டை கட்டத்தான் விட்டிருக்கான்."

நான் கருவாட்டு டப்பாவை மூடினேன்.

"நீரு அன்னைக்குப் பிரஷர் பாடம் சொன்னீரே, ஞாபகம் இருக்கா? குழாய்ல தண்ணி வேகமாத் தள்ளுனா குழாய்க்கு என்ன ஆவும்னு. நான் கருவாட்டத் தின்னுக்கிட்டே கேட்டேன்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இன்னைக்கு என்ன பாடம்?"

அன்று கடல். சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். பரவாயில்லை என்றார். போகும்போது தைல டப்பியை என் கையில் கொடுத்தார். அதற்குள் யாரும் திருப்பிக் கேட்காத கார்டுகள் கிடந்தன. "எனக்கு எதுக்கு இது" என்று மட்டும் சொன்னார்.

ராயபுரத்திலிருந்து போன் செய்தார். நான் போனில் பேசத் தெரியாதவன். எதிரில் ஆள் நின்றாலாவது தலையாட்டலாம், போனில் அதுவும் முடியாது. வீடியோவில் கூப்பிட்டார். அவர் முகம் என் முகத்துக்கு நேரே இவ்வளவு பெரிதாக வந்து நின்றது. அத்தனை வருஷத்தில் நான் அவரை நேருக்கு நேர் பார்த்ததே குறைவு. மீசை இவ்வளவு நரைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னவே, பாடம் ஒண்ணும் கிடையாதா?"

"ம்."

"நல்லா இருக்கீரா?"

"ம்."

மனைவிதான் போனை வாங்கிப் பேசினாள். "அண்ணே, அவரு நல்லாத்தான் இருக்காரு. நீங்க இல்லாம இப்ப எனக்கு அரை ம் தான் கெடைக்குது." அடுத்தடுத்த மாதங்களில் அழைப்புகள் குறைந்தன. இரண்டு பக்கமும் ஒன்றும் பேசாத போன் எவ்வளவு நாள் ஓடும்? அவர் வீட்டிலேயே கிடக்கிறார், ஹார்பர் பக்கம்கூடப் போவதில்லை என்று மருமகன் ஒருநாள் மனைவியிடம் சொன்னான். "கப்பலப் பாத்தா கஷ்டமா இருக்குன்றாரு அத்தை."

அன்று சாயங்காலம் கப்பல் ஊதியது. நான் பழக்கத்தில் கட்டைச் சுவருக்குப் போய் உட்கார்ந்தேன். போனை எடுத்துக் குரல் பதிவை அமுக்கி வாய்க்கு எதிரே பிடித்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. கையில் பிடித்தால் அது முகம்போல என்னையே பார்த்தது. பிறகு ஒன்று தோன்றியது. அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எப்போதும்போலக் கடலைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பாதியில விட்ட கடலச் சொல்றேன்" என்றேன்.

பிறகு நிற்கவில்லை. தினமும் கடல் ஏறும் நேரம் ஏன் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போகிறது, நிலா அதற்கு என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்தவரை சொன்னேன். புரியாத இடத்தில் புரியவில்லை என்றும் சொன்னேன். முடித்துவிட்டுப் போனிலேயே அனுப்பியிருக்கலாம். தொட்டால் அடுத்த நொடி போய்ச் சேரும். ஆனால் நான் தைல டப்பியைத் திறந்து, பொட்டு இல்லாத ஒரு கார்டை எடுத்து அதில் ஏற்றினேன். ஹாடோவுக்குப் போய், அவர் இடத்தில் புதிதாக வந்திருந்த பேன்ட்ரிக்காரரிடம் கொடுத்தேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது வீணாகவில்லை. "ராயபுரம் அண்ணாச்சி" என்று இரண்டு வார்த்தை சொன்னேன், அவருக்குப் புரிந்துவிட்டது.

கப்பல் சென்னை சேர்ந்த மறுநாள் அவர் போன் செய்தார். குரலில் காற்றுச் சத்தம். ஹார்பர் வாசலில் நிற்கிறாராம். கார்டை வாங்க நேரில் வந்து, அங்கேயே போட்டுக் கேட்டிருக்கிறார்.

"பாதி நேரம் உம்ம சட்டை உரசுற சத்தம்தான்வே. ஆனா நிலா விளங்கிச்சு. அடுத்த கப்பல் எப்பம் கிளம்புது?"

அடுத்தது நெஞ்சு. அந்த அம்மாவின் பாடத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். ரத்த அழுத்தம் கூடிக்கொண்டே போனால் இதயம் என்ன ஆகும் என்ற பாடம் அது. எதிர்த்துத் தள்ளித் தள்ளி அதன் சுவர் தடித்துப்போகும் என்று படம் போட்டுக் காட்டினார். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதை விட்டுவிட்டு, கடலிலேயே அடுத்ததைப் பேசி, கார்டை அனுப்பிவிட்டேன்.

இந்த முறை அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"ரெண்டு கடல் சேந்தாப்ல வந்திருக்கு. நடுவுல உள்ள நெஞ்ச எங்கன போட்டீரு?"

நான் "ம்" என்றேன்.

"அது என் சீக்கப் பத்தின பாடம், அதான? தெரியும்வே. டாக்டர் சொல்லும்போது எனக்குக் காதே அடைச்சுப்போவுது. அவரு என் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சொல்றாரு. நீரு சொன்னா நான் கடலப் பாத்துக்கிட்டே கேப்பேன். இங்கன ஹார்பர் சுவர் ஒண்ணு இருக்கு, உக்காரத் தோதா."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சொல்றேன் அண்ணாச்சி" என்றேன். "இந்தக் கப்பலுக்கே அனுப்புறேன்."

மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். போனில் அவ்வளவு நீளமாக நான் பேசி அவள் கேட்டதில்லை.

மின்னி பேயில் அன்று தண்ணீர் இறங்கியிருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டேன். அந்த அம்மா சொன்னதில் ஒன்றையும் விடாமல் சொன்னேன். தடித்த சுவரைப் பற்றிச் சொன்னேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, உப்பைக் குறைத்து, அழுத்தம் இறங்கினால் அந்தத் தடிப்பும் கொஞ்சம் குறையலாம் என்று அந்த அம்மா பாடத்தின் கடைசியில் சொன்னதையும் சொன்னேன். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். பின்னால் கம்ப்ரசர் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது, அதுவும் பதிவாகியிருக்கும்.

இப்போது ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கார்டு போகிறது. அது வந்து சேரும் நாளில் அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஹார்பருக்கு நடந்தே போகிறாராம். டாக்டர் நடக்கச் சொன்னதற்கு அதுதான் கணக்கு என்கிறார். உப்பில்லாமல் மீன் வறுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கார்டோடு அனுப்புகிறாள் என் மனைவி. "சப்புன்னு இருக்கு, ஆனா தங்கச்சி கைன்னு தெரியுது" என்றார்.

நேற்றுக் கப்பல் ஊதியது. இந்த முறை கடல்.